தினமும் ரெண்டு இஞ்ச் தண்ணி எங்க போச்சு

நீச்சல் குளம்னு சொன்னவுடனே பெரிய ஆளு போலன்னு நெனச்சிராதீங்க. குளம் எங்க அத்தானோடது. அவரு மஸ்கட்ல இருக்காரு, நான் அம்பாசமுத்திரத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். அம்பைக்கும் பாபநாசத்துக்கும் நடுவுல அவருக்கு ஒரு தென்னந்தோப்பு, அதுக்குள்ள ஒரு வீடு, வீட்டுக்கு முன்னால 25 அடி நீளம் 12 அடி அகலம் 4 அடி ஆழத்துல இந்தக் குளம். அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறுன்னு பாக்க வாறவங்க சனி ஞாயிறு வாடகைக்கு எடுப்பாவ. கூப்புடு தூரத்துல தாமிரபரணி ஓடுது, அதுல குதிச்சு மூக்குல தண்ணி ஏறி நீச்சல் படிச்சவன் நான், ஆத்தங்கரையில தொட்டி கட்டி மருந்தப் போட்டு மோட்டார் வச்சு சுத்த விட்டுக் குளிக்கணுமான்னு கட்டும்போதே கேட்டேன். அக்கா மொறச்ச மொறப்புல வாய மூடிக்கிட்டேன். ஆனா மேற்பார்வை மட்டும் என் தலையில வந்து விழுந்துச்சு.

ஆனி கடைசியில ஆரம்பிச்சது இந்தச் சோலி. தோப்பப் பாத்துக்கிடுத தம்பி போன் பண்ணி, "அண்ணே, குளத்துல தண்ணி நிக்க மாட்டேங்குது, தெனமும் போர் மோட்டாரப் போட்டு ரொப்ப வேண்டியிருக்கு"ன்னான். நான் கண்டுக்கிடல. மேக்க இருந்து காத்து பேயா அடிக்கிற நேரம் அது, ஆடிக் காத்துல அம்மி பறக்குதோ இல்லையோ தண்ணி பறக்கும்னு சொல்லிட்டு போன வச்சிட்டேன். ஒரு வாரம் கழிச்சு கரண்ட் பில் கட்டப் போகும்போதுதான் சுருக்குன்னுச்சு. மருந்துச் செலவு வேற கூடியிருக்கு, ஏன்னா புதுத் தண்ணி சேரச் சேர குளோரின் அளவு இறங்கும், நாம மறுபடி போடணும், தண்ணி போற கணக்கோட மருந்தும் சேந்துதான் போவுது.

நேர்ல போய் அளந்து பாத்தேன். குளத்து டைல்ஸ்ல ஒரு மார்க்கர் கோடு போட்டு மறுநா அதே நேரத்துக்கு ஸ்கேல வச்சா கிட்டத்தட்ட 2 இஞ்ச் இறங்கியிருக்கு. பாக்கதுக்கு ரெண்டு விரக்கடை, ஆனா கணக்குப் போட்டா கண்ணு முழி பிதுங்குது. 25க்கு 12ன்னா 300 சதுர அடி, ஒரு இஞ்ச்சுக்கு சுமாரா 700 லிட்டர், அப்ப ரெண்டு இஞ்ச்சுக்கு 1400 லிட்டர். ஒரு வீட்டு மொட்டை மாடி டேங்க் அளவு தண்ணி தெனமும் காணாமப் போவுது!

முதல்ல குளம் கட்டுன கொத்தனார கூட்டிட்டு வந்தேன். அவரு சுத்தி வந்து பாத்துட்டு, டைல்ஸ் சந்துல கசியுது, முழுசா எறைச்சிட்டு தரைய ஒடச்சு வாட்டர் புரூஃப் பண்ணி மறுபடி ஒட்டணும், 65,000 ஆவும்னாரு. ஒரு இடத்தக் கூட தொட்டுக் காட்டல, ஆனா தொகை மட்டும் டக்குன்னு வந்துச்சு. அத்தான்ட்ட சொல்ல பயந்துகிட்டு நாலு நாள் சும்மா இருந்தேன். அந்த நாலு நாள்லதான் எங்க தாத்தா நெனப்பு வந்துச்சு. கார் நடவு நேரத்துல வயல்ல தண்ணி நிக்கலேன்னு யாராவது அழுதா, "வரப்ப சுத்தி நடந்து பாத்தியாலே? தண்ணி மாயமா போவாது, அது போற வழிய நீ பாக்கலேன்னு சொல்லு"ம்பாரு. சரி, வரப்ப சுத்தி நடப்போம்னு எறங்கினேன்.

யாருக்காவது குளத்துத் தண்ணி குறைஞ்சா முதல் காரியமா இந்த வாளி சோதனையப் பண்ணுங்க, சல்லிக் காசு செலவு கிடையாது. குளத்துத் தண்ணியவே ஒரு வாளியில முக்கால் அளவுக்கு எடுத்து, குளத்துப் படியில வாளி பாதி முங்குத மாதிரி வைக்கணும், ஆடாம இருக்க உள்ள ஒரு செங்கல். வாளிக்கு உள்ள தண்ணி நிக்கிற மட்டத்துல ஒரு கோடு, வெளிய குளத்து மட்டத்துக்கு ஒரு கோடு. 24 மணி நேரம் யாரும் குளிக்கக் கூடாது, மழை சாரல் இருக்கக் கூடாது. வெயிலுக்கும் காத்துக்கும் போறது ரெண்டுலயும் ஒண்ணு போல போவும். எங்களுக்கு வாளியில கால் இஞ்ச்தான் குறைஞ்சிருக்கு, குளத்துல ரெண்டு இஞ்ச். அப்ப காத்து மேல பழியப் போட்டது தப்பு, எங்கயோ ஓட்டை இருக்கு.

அடுத்தது இன்னும் முக்கியம். ஒரு நா முழுக்க பில்டர் மோட்டாரப் போடாம விட்டு அளக்கணும், மறுநா வழக்கம் போல ஓட்டி அளக்கணும். மோட்டார நிறுத்தினாலும் தண்ணி குறைஞ்சா தரை, சுவரு, இல்ல மண்ணுக்குள்ள போற பைப்பு. ஓடும்போது மட்டும் குறைஞ்சா மோட்டாருக்கு அந்தப் பக்கம், பிரஷர் இருக்கிற பக்கம் பாக்கணும். நாங்க நிறுத்தி வச்ச நாள்ல வெறும் கால் இஞ்ச். 6 மணி நேரம் ஓட்டின நாள்ல ரெண்டு இஞ்ச். அங்கனயே எனக்கு 65,000 ரூபா மிச்சம். தரைய ஒடச்சிருந்தா எல்லாம் முடிஞ்ச பொறவும் அதே ரெண்டு இஞ்ச் போயிருக்கும், கொத்தனாரு "செட் ஆவ கொஞ்ச நாளாவும்"னு சொல்லிட்டு போயிருப்பாரு.

இப்ப ஓடும்போது போவுதுன்னா எங்க போவுது? மோட்டார் ரூம்ல ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அப்பதான் தம்பி சும்மா பேச்சு வாக்குல, "அண்ணே, கெழக்க கடைசியில நிக்கிற தென்னைக்கு மட்டும் நான் தண்ணியே பாய்ச்சுறதில்ல, அது எப்பவும் ஈரமாத்தான் இருக்கும்"னான். போய் பாத்தா அந்த மரத்து மூட்டுல புல்லு முழங்கால் உயரம், மத்த மரத்தடியெல்லாம் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. பில்டர் கழுவுற அழுக்குத் தண்ணி போற பைப்பு அங்கன வந்துதான் திறக்குது, புல்லு மூடினதால வாய் தெரியல. மோட்டாரப் போடச் சொல்லிட்டு புல்ல விலக்கிப் பாத்தேன். கழுவுற நேரமே இல்ல, வால்வு கைப்பிடி ஒழுங்கா பில்டர்ங்கிற இடத்துலதான் நிக்கி, ஆனா பைப்பு வாயில இருந்து சுண்டு விரல் கனத்துக்கு தண்ணி சத்தமில்லாம ஊத்திக்கிட்டு இருக்கு.

10 லிட்டர் வாளிய வச்சோம், மூணு நிமிசத்துல நெறஞ்சுது. மணிக்கு 20 வாளி, ஆறு மணி நேரத்துக்கு 120 வாளி, 1200 லிட்டர். காத்துக்குப் போற கால் இஞ்ச்ச சேத்தா ஏறக்குறைய 1400. கணக்கு இப்படி ஒட்டி வந்ததுல எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, பரீச்சையில கூட வந்ததில்ல.

குளம் வச்சிருக்காதவங்களுக்கு இந்த வால்வு என்னன்னு சொல்லிருதேன். மல்டிபோர்ட் வால்வும்பாவ. மணல் பில்டர் தொட்டி மேலயோ பக்கத்துலயோ மண்டை மாதிரி உக்காந்திருக்கும், மேல ஒரு கைப்பிடி, அத அமுக்கித் திருப்பினா ஆறு இடத்துல நிக்கும். பில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட், ரீசர்க்குலேட், குளோஸ். நம்ம ஊரு பாசையில சொல்லணும்னா ஒரே கால்வாய்க்கு ஆறு மடை. பில்டர்ல வச்சா மோட்டார் தள்ளுற தண்ணி மணலுக்கு மேல விழுந்து கீழ இறங்கி சுத்தமாகி குளத்துக்குப் போவும். பேக்வாஷ்ல வச்சா தலைகீழா கீழ இருந்து மேல ஏறி மணல்ல மாட்டின அழுக்க அடிச்சிக்கிட்டு வெளிய போவும். இந்த மடைகளுக்கு நடுவுல வரப்பு மாதிரி நிக்கிறது ஒரே ஒரு ரப்பர். வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி நடுவுல இருந்து கை கையா பிரியும், கடைக்காரங்க ஸ்பைடர் கேஸ்கெட்னு சொல்லுதாவ. அதுல ஒரு கை பிஞ்சாலோ தூக்கிக்கிட்டாலோ கைப்பிடி பில்டர்ல நின்னாலும் தண்ணி பக்கத்து மடையில கசிஞ்சு வெளிய போயிரும். வரப்பு ஒடஞ்ச கதைதான்.

வால்வு பக்கவாட்டுல சின்னதா ஒரு கண்ணாடிக் குமிழி இருக்கும், வெளிய போற தண்ணி அதுல தெரியும். பில்டர்ல ஓடும்போது அதுல ஓட்டமே இருக்கக் கூடாது. எங்க குமிழி வெயில் பட்டு பால் மாதிரி வெளுத்துப் போயி ஒண்ணும் தெரியல. அது மட்டும் தெளிவா இருந்திருந்தா முதல் நாளே கண்டுபிடிச்சிருக்கலாம்.

திருநெல்வேலியில இருந்து ஒரு மெக்கானிக் வந்து பாத்தாரு. கழட்டாமலே முழு வால்வையும் மாத்தணும், கூலியோட 9,500ன்னாரு. உள்ள ரப்பர் மட்டும் மாத்த முடியாதான்னு கேட்டதுக்கு, அதெல்லாம் நிக்காதுன்னுட்டாரு. நான் ஜங்ஷன்லயும் வண்ணார்பேட்டையிலயும் ஹார்டுவேர் கடை கடையா ஏறி இறங்கினேன். ஒரு கடை அண்ணாச்சி போன்ல இருந்த படத்தப் பாத்துட்டு, "போர் மோட்டார் வால்வுன்னா பத்து விதம் எடுத்துப் போடுதேன், இந்தச் சிலந்திய எங்க போய்த் தேடுவேன்"னு சிரிச்சாரு. கடைசியில மெட்ராஸ்ல குளச் சாமான் விக்கிற ஒரு கடைக்கு படம் அனுப்பி கொரியர்ல வரவழைச்சேன், 480 ரூபா, கொரியர் 100. இதுல கவனிக்க வேண்டியது, ஒண்ணரை இஞ்ச் வால்வுக்கு உள்ளது ரெண்டு இஞ்ச்சுக்கு சேராது, ஒரு கம்பெனியோடது இன்னொண்ணுக்கு சேராது. வால்வு மேல அச்சடிச்சிருக்கிற மாடல் நம்பர், ஸ்கேல பக்கத்துல வச்சு எடுத்த படம், ரப்பருக்கு எத்தன கைன்னு எண்ணிக்கை, மூணையும் அனுப்புங்க. கழட்டிப் பாக்காம ஆர்டர் போடாதீங்க. நான் ஒரு தடவ கழட்டி படம் எடுத்து மறுபடி மூடினேன், ரெண்டு வேலைதான், ஆனா சரியான சாமான் வந்துச்சு.

இனிமே பெரியப்பா கதை. எங்க பெரியப்பா வி.கே.புரம் மில்லுல பிட்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. நீச்சல் குளத்தப் பாத்ததே கிடையாது. ஆனா ரப்பரு, போல்ட்டு, பிரஷரு இதெல்லாம் எங்க இருந்தா என்னன்னு ஒரு பையில சாமானப் போட்டுக்கிட்டு வெள்ளனே பஸ்ஸுல வந்து இறங்கிட்டாரு. வந்தவரு வால்வு பக்கமே போகல, நேரா கரண்ட் போர்டுக்குப் போயி மெயின அமத்தி பீஸ் கட்டைய உருவி சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. "சுவிச்ச அமத்துனா எவனாவது போட்டுருவான், கட்டை எங்கிட்ட இருந்தா எவனும் போட முடியாது"ன்னாரு. அப்புறம் பில்டர் தொட்டி மேல இருக்கிற காத்துத் திருகைத் தளத்தி, பிரஷர் மீட்டர் முள்ளு சுழியத்துக்கு வந்தத கண்ணால பாத்த பொறவுதான் ஸ்பானரையே எடுத்தாரு. பிரஷர் இருக்கும்போது அந்த மூடிய கழட்டினா மூஞ்சி போயிரும், இது மிகைப்படுத்தி சொல்லல.

மூடியில எட்டு போல்ட். கழட்டுறதுக்கு முன்னால மூடியும் அடிப்பாகமும் சேருத இடத்துல நான் மார்க்கரால ஒரு கோடு போட்டேன், எந்தப் பக்கம் எதுன்னு தெரியணும்ல. போன்லயும் நாலு பக்கமும் படம் எடுத்தேன். போல்ட் எல்லாத்தையும் கழட்டி மூடியத் தூக்கினா கைப்பிடியோட சேந்து உள்ள இருக்கிற பிளாஸ்டிக் சுழலி மொத்தமா வெளிய வந்துச்சு. கைப்பிடிக்குக் கீழ நல்ல கனமான ஸ்பிரிங் உண்டு, அதுதான் சுழலிய ரப்பர் மேல அழுத்திப் பிடிக்கிறது. கைப்பிடி ஊசியத் தட்டி எடுத்தா ஸ்பிரிங் பாய்ஞ்சு வரும், தேவையில்லாம அதுல கைய வைக்காதீங்க.

உள்ள பாத்தா பில்டர் மடைக்கும் வேஸ்ட் மடைக்கும் நடுவுல இருந்த கை காடிய விட்டு எந்திரிச்சு, மடங்கி, பாதி பிஞ்சு நாக்கு மாதிரி தொங்குது. அதுக்கு அடியில நாலஞ்சு மணல். பெரியப்பா அந்த நாக்க விரலால தடவிப் பாத்தாரு. அது மடங்கியிருந்த பக்கம் மட்டும் பளபளன்னு தேஞ்சிருந்துச்சு. தலைய தூக்காமலே, "மோட்டார் ஓடும்போது இதத் திருப்புனது யாருலே?"ன்னாரு.

தம்பி தென்னைய அண்ணாந்து பாக்கான். நானும் பாக்கேன்.

பொறவு பையச் சொன்னான். பேக்வாஷ் பண்ணும்போது மோட்டார நிறுத்திட்டுத்தான் கைப்பிடியத் திருப்பணும்னு அவனுக்கும் தெரியும். ஆனா நிறுத்துனா மறுபடி மோட்டார் தண்ணி எடுக்க பத்து நிமிசம், சில நா கால் மணி நேரம் ஆவுது, வெறுமனே கத்திக்கிட்டு ஓடும். ஒரு பேக்வாஷுக்கு மூணு தடவ நிறுத்தணும், அப்ப முக்கால் மணி நேரம் போயிரும்னு ஓட்டத்துலயே திருப்பிக்கிட்டு இருந்திருக்கான், மூணு மாசமா. ஓடும்போது திருப்பினா பிரஷர்ல தண்ணி ரப்பரக் காடியில இருந்து கிளப்பும், அதே நேரத்துல சுழலி அத இழுத்துக்கிட்டுப் போவும். மூணு மாசம் தாக்குப் பிடிச்சதே பெருசு.

எனக்கு சுள்ளுன்னு கோவம் வந்துச்சு. ஆனா பெரியப்பா என்னையத்தான் திட்டினாரு. "அவன் மூணு மாசமா மோட்டார் தண்ணி எடுக்கலேங்கான், நீ என்ன மேற்பார்வை பாத்த? ரப்பரு நோய் இல்லலே, மோட்டாரு ஏன் தண்ணி எடுக்கல, அதுதான் நோயி. இத மட்டும் மாத்திட்டுப் போனா ஆவணிக்குள்ள மறுபடி கிழியும்." அவன் எங்கிட்ட சொல்லியிருக்கான், நான்தான் "லேட்டா எடுத்தாலும் எடுக்குதுல்லா"ன்னு விட்டிருக்கேன். அது எனக்கு ஞாபகம் வந்துச்சு, வெளிய சொல்லல.

முதல்ல ரப்பர். பழசு சில இடத்துல பசை போட்டு ஒட்டியிருந்துச்சு. நான் ஸ்குரூடிரைவரால நெம்பப் போனேன், பெரியப்பா கையத் தட்டி விட்டுட்டு ஒரு மூங்கில் சிம்பச் சீவி அதால வழிச்சாரு. இரும்பு பட்டா பிளாஸ்டிக் காடியில கீறல் விழும், அந்தக் கீறல் வழியா புது ரப்பர் போட்டாலும் கசியும். தின்னர்ல கொஞ்சம் கழிவுப் பஞ்ச நனச்சு பசைய மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்து உடனே தொடச்சாரு, தின்னர ஊத்தி ஊற வச்சா பிளாஸ்டிக்க தின்னுரும். சுழலியோட அடிப்பக்கத்தையும் நகத்த வச்சு வருடிப் பாத்தோம், நகம் மாட்டுத அளவுக்கு கோடு இருந்தா அப்ப மெக்கானிக் சொன்னதுதான் சரி, முழு வால்வுதான். எங்களது லேசான கீறல்தான், தப்பிச்சோம்.

புது ரப்பர்ல ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் கொஞ்சம் மேடு. தட்டை கீழ, மேடு மேல, பழசு எப்படி இருந்துச்சுன்னு படத்தப் பாத்து வச்சோம். எங்களதுல காடி இறுக்கமா பிடிச்சிக்கிட்டதால பசை வேண்டியிருக்கல. தம்பி ஓடிப் போயி வாஸ்லின் டப்பாவ எடுத்துட்டு வந்தான், வழுவழுன்னு இருக்கட்டும்னு. அது கூடவே கூடாது. பெட்ரோலியத்துல இருந்து வாற கொழுப்பு ரப்பர உப்ப வச்சிரும், சிலிக்கான் கிரீஸ்தான் போடணும், அதுவும் மெல்லிசா.

மூடிய வைக்கப் போகும்போது பெரியப்பா கேட்டாரு, "குறி எங்கலே?" பாத்தா நான் போட்ட மார்க்கர் கோடு இல்ல. தின்னர் பஞ்சால தொடச்ச கையோட நானே அதையும் சேத்து அழிச்சிருக்கேன். எட்டு ஓட்டையும் எட்டுப் பக்கமும் சேரும், ஒரு ஓட்டை தள்ளி மூடினா பில்டர்னு எழுதியிருக்கிற இடம் வேற மடைக்கு நேரா போயிரும். போன்ல எடுத்த படம் இல்லேன்னா அன்னைக்கு நாங்க காலிதான். படத்தப் பெருசாக்கி, பிரஷர் மீட்டர் எந்த ஓட்டைக்கு நேரா இருக்குன்னு எண்ணி வச்சோம். பெரியப்பா பையில இருந்து ஒரு ஆணிய எடுத்து ரெண்டு பாகத்துலயும் சின்னதா கீறி விட்டாரு, இனி எந்தத் தின்னரும் அழிக்காது.

போல்ட் முடுக்குறதும் அவரு பாணிதான். ஒண்ண முடுக்கினா அதுக்கு நேர் எதுக்க உள்ளத முடுக்கணும், அப்புறம் குறுக்க, இப்படி மாத்தி மாத்தி மூணு சுத்து, கொஞ்சம் கொஞ்சமா. வரிசையா முடுக்கிட்டு வந்தா மூடி ஒரு பக்கம் சாஞ்சு உக்காரும். அதே மாதிரி டிரில் மிஷினால முடுக்காதீங்க, பிளாஸ்டிக் மரை வழுக்கிருச்சுன்னா உங்க 480 ரூபா வேலை 9,500க்குப் போயிரும்.

இப்ப நோய்க்கு வருவோம். எங்க மோட்டார் ரூம் தரை மட்டத்துல இருக்கு, குளத்துத் தண்ணி அதுக்குக் கீழ. அப்ப மோட்டார நிறுத்தினதும் பைப்புல இருக்கிற தண்ணி குளத்துக்குத் திரும்பி ஓடப் பாக்கும். அது ஓடாம இருக்கத்தான் உறிஞ்சுற பைப்புல ஒரு நான் ரிட்டர்ன் வால்வு, நாங்க என்ஆர்வின்னு சொல்லுவோம். உள்ள ஒரு தட்டு, தண்ணி மோட்டார் பக்கம் போனா திறக்கும், திரும்பி வந்தா மூடிக்கிடும். எங்களது பசை போட்டு ஒட்டினது, கழட்ட வழியில்ல. ஆக்சா பிளேடால பைப்ப அறுத்து எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தோம்.

தட்டுக்கும் உக்காருற விளிம்புக்கும் நடுவுல ஒரு வேப்பங்கொட்டை! குளோரின் தண்ணியில ஊறி வெள்ளையா, எலும்பு நிறத்துல. தட்டு மூடப் போகும்போதெல்லாம் அதக் கடிச்சுக் கடிச்சு நடுவுல ஒரு பள்ளம். குளத்தங்கரையில ஒரு வேப்ப மரம் நிக்கி, பழம் உதிரும். தண்ணி மேல மெதக்குறத எடுக்க ஸ்கிம்மர்னு ஒரு வாய், அதுக்குள்ள கூடை இருக்கணும். கூடைக் கைப்பிடி ஒடஞ்சதால தம்பி அத எடுத்து வெளிய வச்சிருந்தான், அந்தக் கூடையில இப்ப கோழி முட்டை இருக்கு. மோட்டாருக்கு முன்னாலயும் ஒரு கூடை உண்டு, ஆனா எங்க பைப்புல என்ஆர்வி அதுக்கு முன்னாலயே வருது, அதனால கொட்டை நேரா வந்து அங்கன உக்காந்துருச்சு.

கூடவே மோட்டார் கூடை மூடியோட ஓரிங்கும், அதான் அந்த ரப்பர் வளையம், வெடிச்சிருந்துச்சு. காத்து நுழைய ஒரு வழி, தண்ணி திரும்ப ஒரு வழி, ரெண்டும் இருந்தா மோட்டார் எப்படி எடுக்கும்? குளத்துக்குள்ள தண்ணி வாற வாயில குமிழி குமிழியா வந்துக்கிட்டு இருந்துச்சுன்னு தம்பி சொன்னான், பிள்ளைங்களுக்கு அது பிடிக்குமாம். உங்க குளத்துல அப்படிக் குமிழி வந்தா உறிஞ்சுற பக்கம் காத்து இழுக்குதுன்னு அர்த்தம். மோட்டார் ஓடும்போது மூடி விளிம்புலயும் ஜாயிண்ட்லயும் சவர நுரைய தடவிப் பாருங்க, உள்ள இழுத்துக் குழி விழுந்தா அதுதான் இடம். தண்ணியில்லாம ஓட விட்டா மோட்டாரோட மெக்கானிக்கல் சீல் சூட்டுல போயிரும், எங்களது எப்படித் தப்பிச்சுதுன்னு தெரியல.

புது என்ஆர்வி மேல் மூடி திருகிக் கழட்டுத மாதிரி உள்ளதா 1,150க்கு வாங்கி, ரெண்டு பக்கமும் யூனியன்னு திருகிக் கழட்டுத ஜாயிண்ட் போட்டோம். அடுத்த கொட்டை மாட்டினா அறுக்க வேண்டாம்ல. வால்வு மேல அம்புக்குறி இருக்கும், அது மோட்டாரப் பாத்து இருக்கணும். படுக்கையா வச்சா தட்டோட கீல் மேல் பக்கம் வரணும். பைப்ப அறுத்த பிசிறெல்லாம் பிளேடால சீவி, ஈரமில்லாம தொடச்சு, பசைய ரெண்டு பக்கமும் தடவி, உள்ள தள்ளும்போது கால் சுத்து திருப்பி அரை நிமிசம் அமுக்கிப் பிடிக்கணும், விட்டா பைப்பு பையப் பின்னால வந்துரும். யூபிவிசி பைப்புக்கு யூபிவிசி பசைதான், வீட்டு சுடுதண்ணி லைனுக்கு வாங்கின டப்பா மிச்சம் இருக்குன்னு அத எடுக்காதீங்க. ராத்திரி முழுக்க காய விட்டோம். பீஸ் கட்டை பெரியப்பா பையிலயே இருந்துச்சு, அத மறந்து அவரு ஊருக்குக் கொண்டு போயிட்டாரு, மறுநா காலையில நான் பைக்ல போயி வாங்கிட்டு வந்தேன்.

மோட்டார் கூடையில வாய் முட்ட தண்ணி ஊத்தி, புது ஓரிங்குக்கு கிரீஸ் தடவி மூடி, வால்வெல்லாம் திறந்திருக்கான்னு பாத்து மோட்டாரப் போட்டோம். நிமிசம் ஆவல, சத்தம் மாறி தண்ணி பிடிச்சுக்கிடுச்சு. நிறுத்தி அஞ்சு நிமிசம் கழிச்சுப் போட்டேன், உடனே எடுத்துச்சு. தம்பி அவனே ரெண்டு தடவ நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பாத்தான்.

இப்ப பேக்வாஷுக்கு முறை இதுதான், சுவத்துல சாக்பீஸால எழுதிப் போட்டிருக்கோம். மோட்டார நிறுத்து, கைப்பிடிய அமுக்கிப் பேக்வாஷுக்குத் திருப்பு, போடு, ரெண்டு மூணு நிமிசம் தெளிஞ்ச தண்ணி வாற வரைக்கும். நிறுத்து, ரின்ஸுக்குத் திருப்பு, ஒரு நிமிசம், இதப் பண்ணாம விட்டா மணல்ல கலைஞ்ச அழுக்கு குளத்துக்குள்ள வந்துரும். நிறுத்து, பில்டர், போடு. எப்ப பண்ணணும்ங்கிறதுக்கு நாள் கணக்கு வேண்டாம், மீட்டரப் பாத்தா போதும். மணல் சுத்தமா இருக்கும்போது எங்களது 0.8 பார்ல நிக்கும், 1.3 வந்தா கழுவுவோம். கூடை கடையில ஒண்ணு வாங்கிப் போட்டாச்சு, பழசு கோழிக்கே இருக்கட்டும்.

அத்தான்ட்ட மொத்தச் செலவு மூவாயிரத்துக்குள்ளன்னு சொன்னேன். அவரு 65,000ங்கிறத கேட்டதே இல்லேங்கிறதால பெருசா சந்தோசப்படல, "மூவாயிரமா?"ன்னு இழுத்தாரு. பெரியப்பா கூலி வாங்கல, ஒரு குலை இளநி மட்டும் எடுத்துட்டுப் போனாரு.

போன வாரம் தம்பி கூப்பிட்டான். எனக்கு பகீர்னுச்சு, மறுபடி தண்ணி இறங்குதோன்னு. அதெல்லாம் இல்லண்ணே, கெழக்க நிக்கிற அந்தத் தென்னை வாடுது, அதுக்குத் தனியா ஒரு டியூப் இழுக்கணும், 40 அடி வாங்கிட்டு வாங்கன்னான்.